பிள்ளைகளுக்குச் செபம் கற்றுக்கொடுப்பது: கத்தோலிக்கப் பெற்றோரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எந்த வயதில் தொடங்கலாம்? எதை முதலில் சொல்லிக்கொடுப்பது?

பேச்சு வருவதற்கு முன்பே தொடங்கலாம். ஒன்றரை வயதுக் குழந்தை "சாமி கும்பிடு" என்றால் கைகூப்புகிறது. அதுவே முதல் பாடம். இரண்டரை, மூன்று வயதில் சிலுவை அடையாளம். நான்கு வயதில் "இயேசுவே நன்றி" போன்ற ஒரு வரிச் செபங்களும், சாப்பாட்டுக்கு முன் ஒரு வாக்கியமும். ஐந்து வயதில் "அருள் நிறைந்த மரியே", அடுத்து "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே", இடையில் தந்தை, மகன், தூய ஆவியாரைப் போற்றும் திரித்துவப் புகழ். ஏழு வயதுக்கு மேல், செய்த பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனத்துயர் செபம். எதையெல்லாம் நம்புகிறோம் என்று சொல்லும் நம்பிக்கை அறிக்கை கடைசியில், புதுநன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை பெறுவதற்குத் தயாரிக்கும் காலத்தில்.

ஏழு என்ற எண் சும்மா வந்ததல்ல. ஏழு வயது நிறைந்தவர் பகுத்தறியும் பருவத்தை அடைந்தவராகத் திருச்சபைச் சட்டம் கருதுகிறது. முன்பெல்லாம் பத்து, பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகளை நன்மை வாங்க விடாமல் காக்க வைத்தார்கள். 1910-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் அதை மாற்றி ஏழு வயதை ஒட்டிக் கொண்டுவந்தார். எல்லாச் செபத்தையும் எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அடிப்படை மறையுண்மைகளைத் தன் வயதுக்கு ஏற்றபடி அறிந்திருந்து, நற்கருணைக்கும் சாதாரண அப்பத்துக்கும் வேறுபாடு தெரிந்தால் போதும் என்றார்.

சிலுவை அடையாளத்தை எப்போதும் இடது கையால் போடுகிறாள். திருத்தினாலும் மாறவில்லை.

தவறு குழந்தையிடம் இல்லை, நீங்கள் உட்காரும் இடத்தில் இருக்கிறது. எதிரே உட்கார்ந்து உங்கள் வலது கையைத் தூக்கினால், கண்ணாடியில் பார்ப்பதுபோல அவள் இடது கையைத் தூக்குவாள். தோளும் மாறிப்போகும். பக்கத்தில் உட்காருங்கள், அல்லது மடியில் வைத்துப் பின்னாலிருந்து அவள் வலது கையைப் பிடித்து நடத்துங்கள். வகுப்பில் முப்பது பேருக்கு எதிரே நிற்கும் ஆசிரியர், பிள்ளைகளுக்கு முதுகு காட்டி நின்று செய்து காட்டுவது நல்லது. அது முடியாவிட்டால் உங்கள் இடது கையால் செய்யுங்கள், அவர்களுக்குச் சரியாக வரும்.

சொல்லும் அசைவும் இப்படிப் பொருந்தும்: "தந்தை" என்னும்போது நெற்றி. "மகன்" என்னும்போது நெஞ்சு. "தூய" என்பதற்கு இடது தோள், "ஆவியாரின்" என்பதற்கு வலது தோள். "பெயராலே" என்று கைகூப்பி, "ஆமென்" என்று முடிப்பது. தமிழில் "பெயராலே" கடைசியில் வருவதால் கை நெற்றிக்குப் போவதும் வாய் திறப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் கையை முதலில் ஓட்டிவிட்டு, வாயைப் பிறகு ஓட்டுவார்கள். கொசு விரட்டுவதுபோல் ஆகிவிடுவதும் அதனால்தான். ஒவ்வொரு இடத்திலும் விரல் நுனி தொட்ட பிறகே அடுத்த சொல் என்று ஒரு வாரம் பழக்கினால் சரியாகிவிடும்.

முடிவில் விரலை முத்தமிடுவது பல ஊர்களில் உள்ள வழக்கம். அடையாளத்தின் பகுதி அல்ல, தடுக்கவும் வேண்டாம். நற்செய்தி வாசிப்பதற்கு முன் நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் கட்டைவிரலால் போடும் மூன்று சிறு சிலுவைகள் வேறு. "இந்த வார்த்தை என் மனசுல இருக்கட்டும், வாயில இருக்கட்டும், நெஞ்சுல இருக்கட்டும்" என்று அப்போதே காதில் சொல்லிவிட்டால் பிள்ளைக்கு அது விளையாட்டாகத் தெரியாது.

பாட்டி "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" என்கிறார். கோவிலில் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்கிறார்கள். எதைக் கற்றுக்கொடுப்பது?

உங்கள் பங்குக் கோவிலில் ஞாயிறு திருப்பலியில் சொல்லும் வடிவத்தை. காரணம் எளிது: பிள்ளை நூறு பேருடன் சேர்ந்து சொல்லப்போவது அதைத்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் கற்றுக்கொடுத்தால் "பரலோகத்தில்" என்று தொடங்கி "மண்ணுலகிலும்" என்று தாவி, பாதியில் நின்றுவிடும். ஒரு வடிவம் பிசகில்லாமல் பதிந்து ஆறு மாதமாவது ஆகட்டும். அதற்குப் பிறகு பாட்டி சொல்வதைக் கேட்டால் குழப்பம் வராது, சொல் வளம்தான் வரும்.

பாட்டியைத் திருத்தச் சொல்லிப் பிள்ளையை ஏவிவிடாதீர்கள். அவர் வாயில் இருப்பது பல நூறு ஆண்டு வரலாறு. மறைபரப்பாளர் பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு (தூத்துக்குடிக் கடற்கரைப் பகுதி) வந்து, தமிழும் போர்த்துகீசியமும் தெரிந்தவர்களை வைத்துச் செபங்களை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். கற்ற பிள்ளைகளே வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் சொல்லித்தர வேண்டும் என்பது அவர் போட்ட ஏற்பாடு. 1554-இல் லிஸ்பனில் தமிழ்ச் செபங்கள் ரோமன் எழுத்தில் அச்சாயின. 1578-இல் போர்த்துகீசியக் குருவான என்றிக் அடிகளாரின் "தம்பிரான் வணக்கம்" கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சானது, மொத்தம் 16 பக்கம். இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான முதல் நூலே பிள்ளைகளும் பெரியவர்களும் செபம் கற்பதற்கானதுதான். பழைய செபங்களில் வரும் "இஸ்பிரீத்து சாந்து" போர்த்துகீசியச் சொல்லின் தமிழ் உருவம். "சர்வேசுரன்" கடவுள், "சம்மனசு" வானதூதர், "அர்ச்சிஷ்ட" புனித. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தச் சொற்களைப் பாட்டியிடமே கேட்டு எழுதி வரச் சொன்னால் நல்ல வீட்டுப்பாடம்.

"விண்ணுலகில்" செபத்தின் பொருளை எப்படிச் சொல்வது?

முழுவதையும் ஒரே நாளில் விளக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு வேண்டல் போதும். ஏழு வேண்டல்கள், ஏழு வாரம். ஒவ்வொன்றையும் பிள்ளை வீட்டில் பேசும் தமிழில் ஒருமுறை மாற்றிச் சொல்லவைக்க வேண்டும். அதுதான் புரிந்ததா என்று சோதிக்கும் வழி. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும்.

முதல் தடை இலக்கணம். "தாரும்", "மன்னியும்", "வருக", "போற்றப்பெறுக" ஆகியவற்றை எந்தப் பிள்ளையும் வீட்டில் கேட்பதில்லை. "தாரும்னா தாங்க. மன்னியும்னா மன்னிச்சிருங்க" என்று முதலில் சொல்லிவிடுங்கள். பாதி இருள் அதிலேயே விலகும்.

"எங்கள் தந்தையே" என்பதில் "எங்கள்" என்ற சொல்லில் நில்லுங்கள். "என் தந்தையே" இல்லை. பக்கத்துப் பெஞ்சில் சண்டை போட்டவனுக்கும் அவர்தான் அப்பா. அப்பா இல்லாத பிள்ளையோ, குடித்துவிட்டு அடிக்கும் அப்பா உள்ள பிள்ளையோ வகுப்பில் இருந்தால் "கடவுள் உன் அப்பா மாதிரி" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். "ஒரு அப்பா எப்படி இருக்கணும்னு நீ நினைக்கிறியோ, அப்படி இருக்கிறவர்" என்று சொல்லலாம்.

"உமது ஆட்சி வருக" என்றதும் பிள்ளைக்கு நினைவு வருவது தேர்தல். அதையே பிடித்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் சாப்பாடு கிடைக்கிற, யாரையும் யாரும் அடிக்காத, யாரையும் ஒதுக்கிவைக்காத ஆட்சி கடவுளுடையது. அது நம் வீட்டிலும் வரணும் என்று கேட்கிறோம்.

"திருவுளம்" தெரியாத சொல். "திருவிழா" என்று மாற்றிச் சொல்லும் பிள்ளைகள் உண்டு. உள்ளம், அதாவது மனசு. கடவுளின் மனசில் உள்ள விருப்பம். பெரிய பிள்ளைகள் என்றால் "திருவுளச் சீட்டு" என்ற சொல்லைக் காட்டி, சாமி மனசில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் அப்படிப் பெயர் வந்தது என்று சொல்லலாம்.

"அன்றாட உணவை இன்று" என்பதில் கவனிக்க வேண்டியது "இன்று". நாளைக்கும் அடுத்த மாதத்துக்கும் சேர்த்துக் கேட்கவில்லை. "எங்களுக்கு" என்றும் இருக்கிறது, "எனக்கு" என்று இல்லை. டிபன் பாக்ஸ் கொண்டுவராத பிள்ளையும் அந்த "எங்களுக்கு" என்பதற்குள் இருக்கிறது.

மன்னிப்பு வரிதான் மிகக் கடினம். "எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல" என்பதில் "போல" என்ற சொல் நம்மையே அளவுகோலாக்குகிறது. பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். "அப்ப நான் தம்பிய மன்னிக்கலன்னா?" என்று கேட்கும். மழுப்ப வேண்டாம். மத்தேயு நற்செய்தியில் இந்தச் செபம் முடிந்த கையோடு இயேசு பேசுவதும் இதைப் பற்றித்தான்.

"சோதனைக்கு உட்படுத்தாதேயும்" என்ற வரியில் எப்போதும் தடுமாறுகிறான். பொருளும் புரியவில்லை.

இந்த வரியில் உச்சரிப்பைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். வேகமாகச் சொல்லும்போது நடுவில் உள்ள "தாதே" விழுங்கப்பட்டு, "உட்படுத்தும்" என்று ஆகிவிடும். வேண்டலே தலைகீழாகப் போகிறது. "உட்படுத் – தாதே – யும்" என்று மூன்றாகப் பிரித்து, "தாதே" என்னும்போது தலையை இடம் வலமாக ஆட்டச் சொல்லுங்கள். "வேண்டாம்" என்ற பொருளும் உடம்பில் பதியும்.

பொருளில் உள்ள சிக்கல் வேறு. பிள்ளைக்குச் சோதனை என்றால் அறிவியல் பாடத்தில் செய்வது, அல்லது போலீஸ் வண்டியை நிறுத்திச் செய்வது. பரீட்சை வேண்டாம் என்று கேட்கிறோம் என்றும் நினைத்துக்கொள்ளும். இங்கே சோதனை என்பது தப்பு செய்யச் சொல்லி இழுக்கும் இழுப்பு. மேசையில் அக்காவின் சாக்லெட் இருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. அந்த நிமிடம்தான் சோதனை.

"கடவுளா தப்பு செய்யத் தூண்டுவார்?" என்று கேட்கும் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. இல்லை, அவர் யாரையும் சோதிப்பதில்லை என்று யாக்கோபு திருமுகம் தெளிவாகச் சொல்கிறது. பழைய தமிழ் வடிவத்தில் "சோதனையில் விழ விடாதேயும்" என்றுதான் இருந்தது. பிள்ளைக்கு விளக்க அதுவே எளிது. இந்தக் குழப்பம் தமிழில் மட்டும் இல்லை. பிரெஞ்சு மொழியில் 2017 இறுதியிலும், இத்தாலிய மொழியில் 2020-லும் திருப்பலிச் செபத்தில் இந்த வரியை மாற்றி அமைத்தார்கள்.

திருப்பலியில் இந்தச் செபம் முடிந்ததும் என் மகள் சத்தமாக "ஆமென்" என்கிறாள். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

வீட்டில் சொல்லும்போது ஆமென் உண்டு, திருப்பலியில் அந்த இடத்தில் இல்லை. குருவானவர் "தீமை அனைத்திலிருந்தும்..." என்று அதே வேண்டலை நீட்டித்துச் செபிக்கிறார். அது முடிந்ததும் ஆட்சியும் வல்லமையும் மாட்சியும் இறைவனுக்கே என்று மக்கள் பதில் சொல்கிறார்கள். "செபம் இன்னும் முடியல, ஃபாதர் தொடருவார்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் "பரமண்டலங்களிலே" என்று தொடங்கி "இராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று முடிப்பார்கள். தவறு என்று சொல்லாதீர்கள். அதே செபம், வேறு மொழிபெயர்ப்பு, அந்தக் கடைசி வரியைச் செபத்தோடு ஒட்டியே சொல்வது அவர்கள் வழக்கம். பள்ளியில் பள்ளிபோல், கோவிலில் கோவில்போல்.

"அருள் நிறைந்த மரியே" பாதிதான் தெரிகிறது. ஏன்?

செபமாலையில் முன்பாதியை நடத்துபவர் சொல்ல, "தூய மரியே, இறைவனின் தாயே" என்ற பின்பாதியைக் கூட்டம் சொல்கிறது. பிள்ளை எப்போதும் கூட்டத்தில் இருப்பதால் பின்பாதி மட்டும் பாடமாகிறது. "விண்ணுலகில்" செபத்திலும் இதே கதை, "எங்கள் அன்றாட உணவை" என்பதிலிருந்துதான் வரும். மருந்து ஒன்றே: வீட்டுச் செபமாலையில் ஒரு பத்துமணியை, அதாவது பத்து "அருள் நிறைந்த" செபங்களைப் பிள்ளையிடம் விட்டுவிட வேண்டும். முதல் நாள் இரண்டு மணி, அடுத்த வாரம் ஐந்து, பிறகு பத்தும். தடுமாறும்போது வாயை மட்டும் அசைத்துக் காட்டுங்கள், குரலால் பறிக்காதீர்கள்.

பொருள் சொல்ல இதைவிட எளிய செபம் இல்லை, ஏனென்றால் இது மூன்று பேர் பேசும் நாடகம். "அருள் நிறைந்த மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே" என்பது வானதூதர் கபிரியேல் சொன்ன வாழ்த்தை ஒட்டியது. "பெண்களுக்குள் ஆசி பெற்றவர் நீரே, உம்முடைய திருவயிற்றின் கனியாகிய..." என்பது எலிசபெத்து. இரண்டும் லூக்கா நற்செய்தி முதல் அதிகாரத்தில் இருக்கின்றன. "தூய மரியே" முதல் நாம். ஒரு பிள்ளை கபிரியேல், ஒரு பிள்ளை எலிசபெத்து, மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து மூன்றாவது. மூன்று சுற்று நடித்தால் செபம் தானாகப் பாடமாகிவிடும். "தூய மரியே" பகுதி 1568-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் வெளியிட்ட, குருக்கள் தினமும் சொல்ல வேண்டிய கட்டளைச் செபநூலில் இன்றைய வடிவில் நிலைபெற்றது.

"திருவயிற்றின் கனி" என்றால் மாம்பழமா என்று கேட்டால் சிரித்துக் கடந்துவிடாதீர்கள். மரத்துக்குப் பழம்போல் அம்மாவுக்குப் பிள்ளை. பிள்ளைகள் இதைச் "திருவைத்தின்" என்று சுருக்குவார்கள், "திரு–வயிற்றின்" என்று பிரித்துக் கொடுங்கள்.

மாதாவைக் கும்பிடுகிறோமா என்று பள்ளியில் கேட்கிறார்களாம். பிள்ளை என்ன பதில் சொல்வது?

செபத்தின் கடைசிச் சொல்லைக் காட்டுங்கள்: "வேண்டிக்கொள்ளும்". "விண்ணுலகில்" செபத்தில் தாரும், மன்னியும், விடுவித்தருளும் என்று நேரடியாகக் கேட்கிறோம். மாதாவிடம் அப்படிக் கேட்கவில்லை, எங்களுக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொள்ளும் என்கிறோம். ஒரு சொல்லிலேயே வேறுபாடு தெரிந்துவிடுகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது போதும்.

"தூய ஆவி" என்றால் பேய் என்று பயப்படுகிறான்.

தமிழ் வீடுகளில் இது நிச்சயம் வரும். ஆவி என்றால் படங்களில் வெள்ளைச் சேலை கட்டி வருவது, இல்லையென்றால் இட்லிச் சட்டியில் வருவது. "தூய ஆவியார்" என்று மரியாதை விகுதியோடு எப்போதும் சொல்லுங்கள், "ஆவி" என்று தனியாக வெட்டாதீர்கள். மூச்சைக் கொண்டு விளக்குங்கள். பிள்ளையின் உள்ளங்கையை அதன் வாய்க்கு முன் வைத்து ஊதச் சொல்லுங்கள். "தெரியுதா? கண்ணுக்குத் தெரியல, ஆனா இருக்கு, அது இல்லன்னா நாம இல்ல. கடவுள் நமக்குள்ள அப்படி இருக்கிறார்." விவிலியத்தின் மூல மொழிகளிலும் ஆவிக்கும் மூச்சுக்கும் காற்றுக்கும் சொல் ஒன்றுதான், ஆகவே இது ஒப்புக்குச் சொல்லும் சமாளிப்பு அல்ல. புறா படத்தை மட்டும் காட்டி நிறுத்தினால், தூய ஆவியார் ஒரு பறவை என்றே பல பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கும்.

"பாவிகளாகிய எங்களுக்காக" என்கிறோம். நான் பாவியா என்று அழுகிறாள். மனத்துயர் செபத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பேச்சுத் தமிழில் "பாவம்" இரக்கச் சொல், "ஐயோ பாவம்". "பாவி" வசவுச் சொல், "படுபாவி". பிள்ளை இந்த இரண்டையும்தான் கேட்டு வளர்ந்திருக்கிறது. செபத்தில் வருவது மூன்றாவது பொருள்: தெரிந்தே, வேண்டுமென்றே அன்புக்கு எதிராகச் செய்வது. கைதவறித் தட்டு உடைந்தால் பாவம் இல்லை. உடைத்துவிட்டுத் தம்பிமேல் பழி போட்டால் அது பாவம். இந்தத் தட்டுக் கணக்கை வைத்தே விபத்து, தவறு, பாவம் மூன்றையும் பிரித்துக் காட்டிவிடலாம். "பாவிகளாகிய எங்களுக்காக" என்பதில் ஃபாதரும் ஆயரும் சேர்ந்துதான் இருக்கிறார்கள் என்றும் சொல்லுங்கள்.

"சர்வேசுரா சுவாமி" என்று தொடங்கும் பழைய உத்தம மனஸ்தாப மந்திரம் அழகானது, ஏழு வயதுக்கு நீளமானது. எந்த வடிவமானாலும் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: வருந்துகிறேன், ஏன் வருந்துகிறேன், இனிச் செய்ய மாட்டேன், அதற்கு உம் உதவி வேண்டும். இந்த எலும்புக்கூட்டைப் பிடித்துக்கொண்டால், குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தின்போது பயத்தில் மறந்தாலும் சமாளிக்கலாம். "இறைவா, நான் செய்த பாவங்களுக்காக வருந்துகிறேன். நீர் என்மேல் இவ்வளவு அன்பு வைத்தும் அப்படிச் செய்துவிட்டேன். இனிச் செய்யாமலிருக்க முயல்வேன். எனக்குத் துணை செய்யும்." இவ்வளவு சொன்னாலும் செல்லும். பாவசங்கீர்த்தனத்துக்கான ஒப்புரவுச் சடங்கே இதை ஒத்த வேறு சொற்களை அனுமதிக்கிறது. இதைப் பிள்ளைக்கும் சொல்லிவிடுங்கள், பாதி நடுக்கம் போய்விடும்.

எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் மறந்துவிடுகிறான். மனப்பாடம் செய்ய என்ன வழி?

முதலிலிருந்து தொடங்காமல் கடைசியிலிருந்து தொடங்குங்கள். முதலிலிருந்து தொடங்கினால் தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கிப் போய் ஒவ்வொரு முறையும் தோல்வியில் நிற்கும். கடைசியிலிருந்து என்றால் தெரியாததிலிருந்து தெரிந்ததை நோக்கி வந்து, எப்போதும் "ஆமென்" என்று வெற்றியில் முடியும். "தூய மரியே" பகுதிக்கு: முதல் நாள் முழுவதும் நீங்கள் சொல்லி, "வேண்டிக்கொள்ளும், ஆமென்" மட்டும் பிள்ளை. இரண்டாம் நாள் "இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்" சேரும். மூன்றாம் நாள் "பாவிகளாகிய எங்களுக்காக". நான்காம் நாள் "தூய மரியே, இறைவனின் தாயே". நான்கு நாளில் முடிந்தது.

ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காலையில் இரண்டு, இரவில் மூன்று. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு மணி நேரம் மொத்தமாகத் திணிப்பதைவிடத் தினம் ஐந்து நிமிடம் நிற்கும். புத்தகத்தைப் பார்த்து ஐம்பது முறை எழுதச் சொல்வது கையெழுத்துக்கு நல்லது, செபத்துக்கு அவ்வளவு இல்லை. வகுப்பில் "யார் வேகமா சொல்றீங்க" என்று போட்டி வைத்துப் பென்சில் பாக்ஸ் கொடுப்பதை நிறுத்துவது நல்லது. வேகத்துக்குப் பழகிய நாக்கை நிதானத்துக்குக் கொண்டுவர இரண்டு மடங்கு உழைக்க வேண்டியிருக்கும்.

நம்பிக்கை அறிக்கை இவ்வளவு நீளமாக இருக்கிறதே?

மூன்று பகுதியாக வெட்டுங்கள்: தந்தை, மகன், தூய ஆவியார். மரபாக அதில் பன்னிரண்டு கூறுகள், திருத்தூதருக்கு ஒன்று என்று எண்ணுவது வழக்கம். நடுப்பகுதி ஒரு கதை. கருவானார், பிறந்தார், பாடுபட்டார், இறந்தார், அடக்கம், உயிர்த்தெழுந்தார், விண்ணகம் சென்றார், மீண்டும் வருவார். எட்டுப் படம் வரையச் சொல்லிச் சுவரில் வரிசையாக ஒட்டினால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

"பொந்தியு பிலாத்து ஏன் செபத்துல இருக்கார், அவர் கெட்டவர்தானே?" நல்ல கேள்வி. அவர் கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவில் உரோமை ஆளுநராக இருந்தவர். ஒரு ஊரில் ஒரு காலத்தில் என்று தொடங்கும் கதை இல்லை இது, இன்னாருடைய ஆட்சியில் நடந்தது என்று காட்ட அந்தப் பெயர் நிற்கிறது.

சின்னப் பிள்ளையை முழுச் செபமாலைக்கு உட்கார வைக்கலாமா?

ஐந்து வயதுவரை ஒரு பத்துமணி, நிதானமாகச் சொன்னால் நான்கைந்து நிமிடம். அதற்கு மேல் தூங்கட்டும், பாயிலேயே தூங்கட்டும், பரவாயில்லை. செபமாலையைக் கையில் கொடுத்து மணி நகர்த்தும் வேலையைக் கொடுங்கள். 59 மணி: "அருள் நிறைந்த" செபத்துக்கு 53, "விண்ணுலகில்" செபத்துக்கு 6. எண்ணக் கற்கும் வயதில் இதுவே ஈர்ப்பு. ஒவ்வொரு பத்துமணியிலும் நினைத்துப் பார்க்கும் இயேசு, மாதா வாழ்க்கைக் காட்சிகளை இங்கே மறையுண்மைகள் என்கிறோம். திங்கள், சனி மகிழ்ச்சி மறையுண்மைகள். செவ்வாய், வெள்ளி துயர். புதன், ஞாயிறு மகிமை. வியாழன் ஒளி. ஒளியின் மறையுண்மைகளை 2002-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்தார், எனவே தாத்தாவின் பழைய புத்தகத்தில் அவை இருக்காது. மறையுண்மையை அறிவித்ததும் அந்தக் காட்சியின் படத்தைக் காட்டினால், வாய் செபம் சொல்லும்போது கண்ணுக்கும் வேலை கிடைக்கும்.

தப்பு செய்தால் "முழங்கால் போட்டுப் பத்து அருள் நிறைந்த சொல்லு" என்கிறோம். சரிதானே?

வேண்டாம். செபம் தண்டனையாகப் பதிந்துவிட்டால் பதினைந்து வயதில் முதலில் கைவிடுவது அதைத்தான். "ஃபாதரும் பாவசங்கீர்த்தனத்துல மூணு அருள் நிறைந்த சொல்லச் சொல்றாரே" என்று பிள்ளையே மடக்கும். அது மன்னிப்பு கிடைத்த பிறகு செய்வது. முறிந்த உறவைச் சரிசெய்யும் பரிகாரம், அடிக்குப் பதில் கொடுக்கும் அடி அல்ல. வீட்டில் தப்புக்குத் தண்டனை வேண்டுமென்றால் பாத்திரம் கழுவட்டும்.

ஆங்கில மீடியம் பிள்ளை, தமிழ் வாசிக்க வராது. என்ன செய்வது?

செபம் காதால் வருவது, எழுத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆங்கில எழுத்தில் தமிழ்ச் செபத்தை எழுதிக் கொடுத்தால் ழ, ள, ல எல்லாம் ஒன்றாகி "வாழ்க" "வால்க" ஆகிவிடும். உங்கள் குரலிலேயே செல்போனில் பதிவுசெய்து கொடுங்கள். பள்ளியில் ஆங்கிலத்தில் கற்றது அப்படியே இருக்கட்டும். அந்த வரிக்கு நேராகத் தமிழ் வரியை ஒன்றொன்றாகச் சேர்த்தால், எந்த வரியில் பொருள் புரியாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தது என்பது பிள்ளைக்கே தெரியவரும்.

பேச்சு வராத, அல்லது ஒரு இடத்தில் உட்கார முடியாத பிள்ளை?

சிலுவை அடையாளம், கைகூப்புதல், தீர்த்தம் தொடுதல், மெழுகுதிரி ஏற்றும்போது பக்கத்தில் நிற்பது. இவையும் செபமே. ஒரே நேரம், ஒரே இடம், ஒரே வரிசை மாறாமல் இருப்பது இந்தப் பிள்ளைகளுக்கு முக்கியம். சொல் வராததால் புதுநன்மை இல்லை என்று யாராவது சொன்னால் பங்குத்தந்தையிடம் நேரே பேசுங்கள்.

"செபிச்சேன், தாத்தா செத்துட்டார். இனி செபிக்க மாட்டேன்" என்கிறான்.

உடனே பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். "நீ சரியாகச் செபிக்கவில்லை" என்றோ, "நல்லவர்களைக் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார்" என்றோ சொல்லவே வேண்டாம். இரண்டாவது பதில், நல்லவனாக இருக்கவே பிள்ளையைப் பயப்படவைக்கும். இயேசு கைதாவதற்கு முன் செபித்த கெத்சமனித் தோட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள். இயேசுவே "இந்தத் துன்பம் என்னைவிட்டுப் போகட்டும்" என்று கேட்டார். போகவில்லை. அவரும் அழுதிருக்கிறார், கோபமாய், வருத்தமாய்க் கேட்கும் செபங்கள் திருப்பாடல்களில் நிறைய உண்டு. அந்தக் கோபத்தையே கடவுளிடம் சொல்லச் சொல்லுங்கள். சில நாள் வீட்டுச் செபத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். தாத்தா பெயரைச் சொல்லி நீங்கள் வேண்டுங்கள், அவன் பக்கத்திலேயே இருக்கட்டும்.